‘ஆ’ என்றால் ஏழு அல்ல

தொலைபேசியில் 7 என்ற பொத்தானை அழுத்தினால் 852 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அதிர்வெண்களில் இரு தொனிகள் ஒருசேர ஒலிக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்டன் பீட்டர்சனும் ஹரால்டு பார்னியும் 1952இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, நம் ‘ஆ’வுக்கு நெருக்கமான ஆங்கில உயிரொலியைப் பெண்கள் உச்சரிக்கும்போது குரலின் ஆற்றல் மிகுந்து நிற்கும் முதலிரண்டு இடங்கள் சராசரியாக 850 ஹெர்ட்ஸும் 1220 ஹெர்ட்ஸும் ஆகும். இந்த இரண்டு ஜோடி எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பெண் தொலைபேசியில் ‘ஆமாம்’ என்று சொல்லத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மறுமுனையில் இருக்கும் கருவி அதை 7 என்று எடுத்துக்கொள்ளும் என்றே தோன்றும். நடைமுறையில் அப்படி நிகழ்வது மிக அரிது. அந்த அரிய நிலையை அடையப் பொறியாளர்கள் சிலமுறை ஏமாந்து பாடம் கற்க வேண்டியிருந்தது.

வட்டத்தைச் சுழற்றும் பழைய தொலைபேசியில் இந்தச் சிக்கலே கிடையாது. அதில் எண் என்பது மின்னோட்டம் துண்டிக்கப்படும் தடவைகளின் எண்ணிக்கை. எத்தனை உரக்கப் பேசினாலும் குரலால் மின்னோட்டத்தைத் துண்டிக்க முடியாது. ஆனால் அந்தத் துடிப்புகள் உள்ளூர் இணைப்பகத்தோடு நின்றுவிடும். குரல் செல்லும் அதே பாதையில், 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதே அலைவரிசையில், எண்ணையும் ஒலியாகவே அனுப்பிவிட்டால் குரல் எட்டும் இடமெல்லாம் எண்ணும் எட்டும். ஒரு வங்கியின் தானியங்கிக் குரல் ‘தமிழுக்கு எண் 1ஐ அழுத்தவும்’ என்று சொல்வதும், நாம் அழுத்துவது ஊர் கடந்து அங்கே போய்ச் சேர்வதும் இதனால்தான் கைகூடுகின்றன. குரலும் எண்ணும் ஒரே பாதையில் போவதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறும் வாய்ப்பும் கூடவே வந்துவிடுகிறது.

முதலில் ஏமாந்தவை தொலைதூர இணைப்புகள். அமெரிக்காவின் நெடுந்தொலைவுத் தடங்களில், ஒரு தடம் யாருக்கும் ஒதுக்கப்படாமல் ஓய்வில் இருக்கிறது என்பதை அறிவிக்க 2600 ஹெர்ட்ஸ் தொனி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அழைப்பு தொடங்கும்போது தொனி நிற்கும், முடியும்போது திரும்ப வரும். பேச்சின் நடுவே 2600 ஹெர்ட்ஸ் கூறு தற்செயலாக எழுந்தால் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிடுமே என்ற அச்சத்துக்குப் பொறியாளர்கள் கண்ட விடை மிக நேர்த்தியானது. 2600 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஆற்றலை ஒரு மின்சுற்று அளக்கும். ஏனைய அதிர்வெண்களில் உள்ள ஆற்றலை இன்னொரு சுற்று அளக்கும். முன்னது பின்னதைத் தெளிவாக விஞ்சினால் மட்டுமே கருவி அதைத் தொனியாக ஏற்கும். மனிதப் பேச்சில் 2600 ஹெர்ட்ஸ் இருந்தாலும் அதனுடன் தாழ்ந்த அதிர்வெண்களும் வலுவாகக் கலந்திருக்கும். எனவே அந்தக் கருவி தேடியது தொனியை மட்டுமல்ல, தொனியைச் சுற்றியுள்ள அமைதியையும்தான். இதற்குப் பிறகு வந்த எல்லா முறைகளும் இந்தக் கருத்தின் வெவ்வேறு வடிவங்களே என்பது என் எண்ணம்.

இந்தக் காவலைப் பேச்சால் கடக்க முடியவில்லை, சீழ்க்கை கடந்துவிட்டது. சீழ்க்கையொலி ஏறத்தாழ ஒற்றை அதிர்வெண்ணால் ஆனது. அதைச் சுற்றி அமைதிதான் இருக்கும். பார்வையற்றவரும் சுருதி பிசகாத செவியுடையவருமான ஜோ எங்ரெசியா என்ற அமெரிக்கச் சிறுவர், 1957 வாக்கில், தாம் குறிப்பிட்ட ஒரு சுருதியில் சீழ்க்கை அடித்தால் தொலைதூர இணைப்பு அறுந்துபோவதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். பின்னாளில் காலையுணவுப் பெட்டியொன்றில் இலவசமாக வந்த பொம்மை விசிலும் அதே சுருதியை எழுப்புவது தெரியவந்து, கட்டணமின்றித் தொலைதூர அழைப்பு செய்யும் ஒரு கூட்டமே உருவானது. இதற்கு முழுமையான தீர்வு, இணைப்புக் கட்டளைகளைக் குரல் பாதையிலிருந்தே வெளியேற்றித் தனித் தரவுப் பாதையில் அனுப்புவதுதான். அமெரிக்காவில் அந்த மாற்றம் 1976இல் தொடங்கியது.

வீட்டுத் தொலைபேசிக்கோ அத்தகைய தனிப்பாதை கிடையாது. 1963 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் அறிமுகமான பொத்தான் தொலைபேசி, இந்தச் சிக்கலை எண்களுக்கான குறியீட்டிலேயே எதிர்கொண்டது. 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ் ஆகியவை தாழ்ந்த குழு. 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ் ஆகியவை உயர்ந்த குழு. ஒவ்வொரு பொத்தானும் குழுவுக்கு ஒன்றாக இரண்டு தொனிகளை எழுப்பும். ஒரு வாயால் ஒரே நேரத்தில் இரண்டு சீழ்க்கை அடிக்க முடியாது என்பதால் சீழ்க்கையின் தொல்லை இங்கே இல்லை. எண்களின் தேர்விலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே குழுவில் அடுத்தடுத்த இரண்டு தொனிகள் ஏறத்தாழ 21:19 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. தாழ்ந்த தொனி எதையும் இரட்டித்தால் அது உயர்ந்த குழுவின் எந்தத் தொனியின் மீதும் பொருந்தாது. 697ஐ இரட்டித்தால் வரும் 1394, 1336க்கும் 1477க்கும் நடுவில் போய் விழுகிறது. இரட்டிப்பு, மும்மடங்கு போன்ற எளிய விகிதங்களில் அமைவதே குரலின் இயல்பு என்பதால், அந்த விகிதங்கள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டன.

குரலின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் ‘ஆ’வின் புதிர் அவிழும். குரல்வளையில் உள்ள தசைமடிப்புகள் நொடிக்கு 171.5 முறை அதிர்வதாகக் கொள்வோம். சற்றே தாழ்ந்த பெண் குரலுக்கோ சற்றே உயர்ந்த ஆண் குரலுக்கோ இது இயல்பான அளவு. அப்போது 171.5 ஹெர்ட்ஸுடன் அதன் முழுமடங்குகளான 343, 514.5, 686 என்ற சீரிசைகள் அனைத்தும் எழும். வாயும் தொண்டையும் தம் வடிவத்துக்கேற்ப அவற்றில் சிலவற்றைப் பெருக்கும்; ‘ஆ’ ஒலியில் பெருக்கம் பெறும் பகுதிகள்தாம் முதலில் குறிப்பிட்ட 850, 1220 ஹெர்ட்ஸின் சுற்றுவட்டாரங்கள். இந்தக் குரலின் ஐந்தாம் சீரிசை 857.5 ஹெர்ட்ஸ், ஏழாம் சீரிசை 1200.5 ஹெர்ட்ஸ். பெறும் கருவி 1.5 விழுக்காடு வரையிலான பிழையைப் பொறுத்துக்கொண்டாக வேண்டும் என்பது விதி. இவ்விரண்டும் 852, 1209 ஹெர்ட்ஸிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகியுள்ளன. இரட்டிப்பையும் மும்மடங்கையும் தவிர்த்த பொறியாளர்களுக்கு, 7:5 என்ற விகிதம் இவ்வாறு பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

ஆனால் அந்த இரண்டு சீரிசைகளும் தனித்து வருவதில்லை. 857.5க்குக் கீழே 686 இருக்கிறது, 857.5க்கும் 1200.5க்கும் இடையே, எந்தக் குழுவுக்கும் உரியதல்லாத 1029 ஹெர்ட்ஸில் ஆறாம் சீரிசை நிற்கிறது, 1200.5க்கு மேலே 1372 வருகிறது. பெல் ஆய்வகம் வடிவமைத்த தொடக்கக் காலப் பெறுகருவி இந்தத் துணைக்கூட்டத்தையே சாட்சியாக்கியது. வடிகட்டிகள் உள்வரும் ஒலியைத் தாழ்ந்த பகுதி, உயர்ந்த பகுதி என இரண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு வரம்பிடும் சுற்றுக்குள் நுழையும். உள்ளே வருவது உரத்ததாக இருந்தாலும் மெலிந்ததாக இருந்தாலும் வெளியே வருவது எப்போதும் ஒரே வலிமையில் இருக்குமாறு அது பார்த்துக்கொள்ளும். தூய தொனி ஒன்று மட்டும் உள்ளே வந்தால் அந்த வலிமையின் பெரும்பகுதி அதற்கே போய்ச் சேரும். இரண்டு மூன்று சீரிசைகள் சேர்ந்து வந்தால் அதே வலிமையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து நிற்பவை இசைவுச் சுற்றுகள், அதாவது ஆளுக்கொரு தொனிக்கு மட்டும் செவி சாய்ப்பவை; அவை முழுப் பங்கு கிடைத்தால் மட்டுமே விழிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே 857.5 ஹெர்ட்ஸ் எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும், அருகில் 686 ஹெர்ட்ஸ் வலுவாக இருக்கும் வரை 852க்கான சுற்று உறங்கிக்கொண்டேதான் இருக்கும். கணினி நுழையாத காலத்தில், சில மின்னணு உறுப்புகளைக் கொண்டே இத்தனை நுட்பமான ஒரு முடிவை எடுக்க வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இதற்கு உதவியாகத் தொலைபேசியிலும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஒலிவாங்கி துண்டிக்கப்படும். அறையில் ஓடும் வானொலியோ குழந்தையின் அழுகையோ தொனியுடன் கலக்காது. உண்மையான தொனி தூய்மையாகவே வரும் என்பதற்கு உறுதி இருப்பதால்தான், தூய்மையற்ற அனைத்தையும் துணிந்து ஒதுக்க முடிகிறது.

இலக்கமுறைக் கருவிகள் வந்த பின்பு இதே வேலை கணக்காக மாறியது. ஒலி நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு எண்களின் வரிசையாகிறது. அவ்வரிசையில் எட்டுத் தொனிகளில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய, ஜெரால்டு கேர்ட்செல் 1958இல் வெளியிட்ட ஒரு கணக்கீட்டு முறை பரவலாகப் பயன்படுகிறது. அதை ஊஞ்சலாகக் கற்பனை செய்யலாம். தன் இயல்பான வேகத்துக்கு ஒத்த தாளத்தில் தள்ளப்படும் ஊஞ்சல் மேலும் மேலும் உயரும்; தாளம் தப்பித் தள்ளினால் ஒரு தள்ளலின் பலனை அடுத்த தள்ளல் அழித்துவிடும். எட்டு அதிர்வெண்களுக்கு எட்டு ஊஞ்சல்களை வைத்து, உள்வரும் ஒவ்வோர் எண்ணாலும் அவை அனைத்தையும் தள்ளிவிட்டு, வழக்கமாக 205 எண்கள் முடிந்ததும் எவை உயர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஓர் எண்ணுக்கு ஓர் ஊஞ்சலுக்கு ஒரு பெருக்கல் போதும் என்பதால், மிக மலிவான சிப்பாலும் இதைச் செய்ய முடிகிறது.

205 என்ற எண்ணுக்குள் ஓர் இழுபறி ஒளிந்திருக்கிறது. அதற்கு ஆகும் நேரம் 25.6 மில்லிநொடி, அந்த நேரத்தில் ஏறத்தாழ 39 ஹெர்ட்ஸ் இடைவெளியைத்தான் பிரித்தறிய முடியும். 697க்கும் 770க்கும் உள்ள 73 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு இது போதுமானது. ஆனால் 697 ஹெர்ட்ஸில் 1.5 விழுக்காடு என்பது 10 ஹெர்ட்ஸ் அளவே. அதை இதே முறையில் துல்லியமாகச் சோதிக்க 100 மில்லிநொடி வேண்டும். தொனியோ 40 மில்லிநொடி மட்டுமே நீடித்தாலும் ஏற்கப்பட வேண்டும் என்பது விதி. எனவே அதிர்வெண்ணின் துல்லியத்தை மட்டும் நம்பிப் பேச்சை விலக்க இயலாது. வேறு சான்றுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவற்றில் தலையாயது, பழைய 2600 ஹெர்ட்ஸ் காவலின் மறுபிறப்பு. அந்த 205 எண்களின் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டு, அதில் வெற்றி பெற்ற இரண்டு தொனிகளின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். உண்மையான பொத்தான் ஒலியில் ஏறக்குறைய முழு ஆற்றலும் அந்த இரண்டில் அடங்கிவிடும். ‘ஆ’வில் கணிசமான பகுதி வெளியே கிடக்கும். அடுத்து, தொனிகளின் இரட்டிப்பு அதிர்வெண்களில் ஆற்றல் இருக்கிறதா என்று தேடுவார்கள். தூய தொனிக்கு இரட்டிப்பு இராது. நம் எடுத்துக்காட்டுக் குரலுக்கோ 1715, 2401 ஹெர்ட்ஸில் பத்தாம், பதினான்காம் சீரிசைகள் இருக்கும். இரண்டு தொனிகளின் வலிமை வேறுபாடும் பார்க்கப்படும். நீண்ட செப்புக் கம்பி உயர்ந்த அதிர்வெண்ணைக் கூடுதலாகத் தேய்த்துவிடும் என்பதால் ஓரளவு வேறுபாட்டை மன்னித்தாக வேண்டும். அந்த அளவைத் தாண்டினால் அது பேச்சாகவே கொள்ளப்படும். இறுதியாகக் காலம். பேசும் குரலின் சுருதி ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் எடுத்துக்காட்டில், குரல் 170க்கும் 173க்கும் இடையே நிற்கும் வரைதான் இரண்டு சீரிசைகளும் சேர்ந்து பொருந்தும். சொல்லின் ஏற்ற இறக்கத்தில் அந்தக் குறுகிய இடைவெளியை அது விரைவில் கடந்துவிடும். பேசுவதை விட, சுருதியில் நிலைத்து நின்று அகாரம் பாடுபவரே இந்தக் கருவிக்குக் கடினமான எதிரி.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில், கைப்பேசிப் பொத்தான்களால் சிறு வண்டியை ஓட்டும் செயல்திட்டத்தைச் செய்த மாணவர்கள், இந்தத் தொனிகளை அடையாளம் காணும் எம்டி8870 என்ற சிப்பைத் தொட்டிருப்பார்கள். அதன் அருகே ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் ஏன் பொருத்தப்படுகின்றன என்று பலரும் கேட்டிருக்க மாட்டார்கள். தொனி எவ்வளவு நேரம் நீடித்தால் நம்பலாம் என்பதைத் தீர்மானிப்பவை அவைதாம். தொனி வந்ததும் மின்தேக்கியில் உள்ள மின்னேற்றம் மெதுவாக வடியும். அது போதிய அளவு வடியும் முன் தொனி மறைந்தால் சிப் வாய் திறக்காது. மின்தடையைக் கூட்டினால் பேச்சால் ஏமாறுவது குறையும். அதே வேளையில் பொத்தானை மிக விரைவாக அழுத்துபவரின் எண் தவறிப்போகும்.

இந்த இரண்டு தவறுகளில் எதை எவ்வளவு பொறுப்பது என்பதற்கு அளவுகோல் வேண்டுமல்லவா? அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனம், தொனியைப் போல் மயங்க வைக்கும் பேச்சுத் துணுக்குகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் அரைமணி நேரம் ஓடும் 6 ஒலிநாடாக்களைத் தயாரித்தது. அவற்றில் உண்மையான பொத்தான் ஒலி ஒன்றுகூடக் கிடையாது. நாடாக்கள் ஓடி முடியும் வரை கருவி எத்தனை முறை ‘எண் வந்தது’ என்று அறிவிக்கிறதோ அத்தனை முறை அது ஏமாந்ததாகப் பொருள். 16 குறியீடுகளுக்கும் சேர்த்து 666 முறை வரை பொறுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள்.

கைப்பேசியும் இணையவழி அழைப்பும் வந்த பின் நிலைமை வேறு திசையில் திரும்பியது. பேச்சை மிகச் சில பிட்டுகளுக்குள் சுருக்கும் முறைகள் மனிதக் குரலின் அமைப்பை ஒட்டியே வகுக்கப்பட்டவை. இரட்டைத் தொனியை அவற்றின் வழியே செலுத்தினால் அது சிதைந்து வெளிவரக்கூடும். அதனால் ஜிஎஸ்எம் கைப்பேசி தொனியை ஒலியாக அனுப்புவதே இல்லை. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் அனுப்ப, வலையமைப்பின் இணைப்பகம் தொனியை உருவாக்குகிறது. இணையவழி அழைப்பிலும் அதே போல எண்ணைத் தனிச் செய்தியாக அனுப்பும் முறை 2000இல் வகுக்கப்பட்டது. ஆனால் பழைய கம்பித் தொலைபேசியிலிருந்து வரும் அழைப்பு இணையத்துக்குள் நுழையும் வாயிலில், தொனியைப் பேச்சிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை அப்படியே நீடிக்கிறது. வாயிற்கருவி ‘இது தொனிதான்’ என்று உறுதி செய்ய இருபது, முப்பது மில்லிநொடிகள் வேண்டும். அதற்குள் தொனியின் முதல் கீற்று குரலோடு குரலாக மறுமுனைக்குக் கசிந்துவிடும், பின்னாலேயே செய்தியும் போய்ச் சேரும். ஒருமுறை அழுத்திய 7, 77 ஆகப் பதிவாவது இப்படித்தான். அதைத் தடுக்க, சில வாயிற்கருவிகள் எல்லாப் பேச்சையும் அந்த இருபது, முப்பது மில்லிநொடிகள் தம்மிடமே நிறுத்திவைத்து, ஐயம் தீர்ந்த பிறகே அனுப்புகின்றன.