கார்டிசாலுக்கு பிரேக் பிடிக்காதபோது

அச்சம் தட்டியதும் முதலில் பாய்வது அட்ரினலின். அதற்குச் சில நொடிகள் போதும். இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசால் நிதானமாக வரும். மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடும், அது மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டும், அங்கிருந்து கிளம்பும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டும். கார்டிசால் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பிரேக்கில் இருக்கிறது. சுரந்த கார்டிசாலே மூளைக்குத் திரும்பி, ஹைபோதலாமஸிலும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் உள்ள ஏற்பிகளில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்) ஒட்டிக்கொண்டு சுரப்பை நிறுத்தச் சொல்கிறது. நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் அந்த ஏற்பிகள் மந்தமாகிவிடலாம். கார்டிசால் இருந்தும் பிரேக் பிடிக்காது. வழக்கமாக விழித்த முக்கால் மணிக்குள் உச்சம் தொட்டு நள்ளிரவில் அடங்கவேண்டிய ஹார்மோன், இரவிலும் அடங்காமல் நின்றால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும். கடுமையான மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் கார்டிசால் அதிகம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பலருக்கு அளவு இயல்பாகவே இருக்கும்.

தைராய்டு ஹார்மோனின் கதை வேறு. அது குறைந்தால் சோர்வு, மந்தம், எதிலும் நாட்டமின்மை. கூடினால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. முன்னது மனச்சோர்வு போலவும் பின்னது மனப்பதற்றம் போலவும் அச்சு அசலாகத் தோன்றும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இன்னொரு வகை. கர்ப்பகால ஹார்மோனான புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளுக்குத் துணை செய்யும். பிரசவமானதும் அதன் அளவு சரசரவென்று சரிகிறது.

உணவுக்கு வருவோம். மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரோட்டோனினில், உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது என்று சொல்லி எதையெதையோ விற்கிறார்கள். அந்தச் செரோட்டோனின் மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதை உணவிலிருந்து வரும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது; அந்த வேலைக்கு இரும்பும் வைட்டமின் பி6-உம் தேவை. வைட்டமின் பி12 குறைந்தாலும் மனநிலை சரியலாம். விலங்குணவு அறவே உண்ணாதவர்களும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை நெடுநாள் எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பி12 குறைவை அறியாமல் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதமோ சத்தமில்லாமல் தொடரும்.

ஆகவே டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் பெரும்பாலும் கூடும் பிட்யூட்டரி ஹார்மோன்), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 பரிசோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. இவை இயல்பாக வந்தால் நோயே இல்லை என்று பொருளல்ல; மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுபவர் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். தைராய்டு குறைவுக்கான லீவோதைராக்ஸின் மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்காமல் நிற்கும்.