உப்புத் தொட்டியில் உப்பு குறையவே இல்லையா?

கடினநீரை மென்னீராக்கும் வாட்டர் சாஃப்ட்னர் வைத்த வீட்டுக்காரர்கள் பலர், "எங்கள் மெஷின் உப்பே தின்பதில்லை, ரொம்பச் சிக்கனம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது சிக்கனம் அல்ல. மெஷின் வேலை செய்யவில்லை.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது புரியும். சிலிண்டருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் போர் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் பாய்ச்சி அவற்றைக் கழுவி எடுக்க வேண்டும். இதுதான் ரீஜெனரேஷன்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை (அந்தக் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில்) தாங்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். உங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால் 2,500 லிட்டர் வரை மென்னீர் கிடைக்கும். தினம் 600 லிட்டர் செலவாகும் வீட்டில் நான்கு நாளுக்கு ஒருமுறை ரீஜெனரேஷன் தேவை. ஒவ்வொரு முறையும் 3 கிலோ உப்பு போகும். ஆக 25 கிலோ மூட்டை ஏறக்குறைய ஒரு மாதம் வர வேண்டும். மூன்று மாதமாகியும் தீரவில்லை என்றால் கோளாறைத் தேடுங்கள்.

முதல் சந்தேகம் உப்புப் பாலம். மேலே பார்த்தால் தொட்டி நிறைய உப்பு இருக்கும், அடியில் வெற்றிடம். ஈரக்காற்றில் உப்பு இறுகி மூடிபோல நின்றுவிடும், தண்ணீர் அதைத் தொடவே தொடாது. துடைப்பக் கட்டையால் மெல்லக் குத்திப் பாருங்கள். 'டொக்' என்று நின்று, பிறகு பொத்தென்று இறங்கினால் பாலம்தான். தூள் உப்பைப் போட்டாலும், தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் இப்படி ஆகும். கழுவிய கல் உப்போ உப்பு மாத்திரையோ போடுங்கள். பாதியிலிருந்து முக்கால் தொட்டிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். மண் கலந்த மலிவு உப்பு அடியில் சேறாகத் தங்கும், அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அள்ளிக் கழுவ வேண்டும்.

பாலம் இல்லையென்றால், தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை உறிஞ்சும் சிறு துளைப் பாகமான இன்ஜெக்டரைப் பாருங்கள். வால்வை உப்பு உறிஞ்சும் நிலையில் கையால் வைத்து, தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடத்தில் மட்டம் இறங்காவிட்டால் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், அல்லது அழுத்தம் போதவில்லை. பைபாஸ் (தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் வால்வு) திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, இன்ஜெக்டரைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஊசி விட்டுக் குத்தக் கூடாது. துளை சற்று பெரிதானாலும் உறிஞ்சும் விசை போய்விடும்.

அழுத்தம்தான் நம் வீடுகளில் பெரிய தொல்லை. தானியங்கி வால்வுகளுக்குப் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தொட்டியே ஒரு கிலோதான் தரும். போர் மோட்டாருக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவில் சாஃப்ட்னரைப் பொருத்தியிருந்தால் இன்னொரு வேடிக்கை உண்டு. டைமர் அதிகாலை இரண்டு மணிக்கு ரீஜெனரேஷனைத் தொடங்கும். அப்போது மோட்டார் ஓடாது. உப்பு உறிஞ்சாமலேயே வால்வு எல்லாக் கட்டங்களையும் சுற்றி முடித்து, வேலை முடிந்ததாகக் காட்டும். மோட்டார் ஓடும் நேரத்துக்கு டைமரை மாற்றுங்கள். பிரஷர் பம்ப்புக்குப் பின்னால் பொருத்தியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

மென்னீர் வருகிறதா என்று டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) விட்டுப் பார்ப்பது வீண். கால்சியம் போய்ச் சோடியம் வருவதால் அந்த எண் குறையாது. 'உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும்' என்று சொல்லி விற்பதும் அதனால்தான் தப்பு. கரிப்பு அப்படியே இருக்கும். சொட்டு மருந்துபோல வரும் கடினத்தன்மை கிட் வாங்குங்கள். சாஃப்ட்னரின் வெளிக்குழாயிலேயே தண்ணீர் பிடியுங்கள், மாடித் தொட்டியில் பழைய தண்ணீர் கலந்திருக்கும். நிறங்காட்டி போட்டதும் நீலமானால் மென்னீர். ஒயின் சிவப்பானால் கடினநீர் கசிகிறது. ரெசின் மேல் பழி போடுமுன் பைபாஸ் வால்வு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரெசினைக் கெடுப்பது பெரும்பாலும் இரும்புதான். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் சிறிது நேரத்தில் மஞ்சளித்தால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு வடிகட்டி அவசியம். ஏற்கெனவே சிவந்துவிட்ட ரெசினுக்கு முதலில் உப்பேற்றிக் கழுவுங்கள். பிறகு 5 சதவீதச் சிட்ரிக் ஆசிட் கரைசலில் சில மணி நேரம் ஊறவிட்டு, புளிப்பு போக அலசி, மறுபடி இருமடங்கு உப்பில் ரீஜெனரேஷன் செய்யுங்கள்.

100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். அதனால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைக் குடிக்க வேண்டாம், ஆர்.ஓ. வழியாக வந்தால் சரி. செடிகளுக்குச் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனிக் குழாய் எடுங்கள். சாஃப்ட்னரின் கழிவுநீர்க் குழாயை மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுகிறார்கள் சிலர். அந்த உப்பு உங்கள் போருக்கே திரும்பி வரும். சாக்கடை இணைப்பில் விடுங்கள்.