ஆடு கரு வீசினால் நஞ்சுக்கொடியைப் புதைத்துவிடாதீர்கள்

சினை ஆடு குட்டியை வீசிவிட்டால் ஆய்வகத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தாயின் ரத்தம் மட்டும்தான். குட்டியும் நஞ்சுக்கொடியும் அதற்குள் குழிக்குப் போயிருக்கும். பூனை மலம் வழியாகப் பரவி ஆடுகளைக் கரு வீச வைக்கும் ஒட்டுண்ணியான டாக்சோபிளாஸ்மா சந்தேகத்தில் நமக்கு வேண்டிய விடை அவற்றில்தான் இருக்கிறது.

ஒருமுறை தொற்று கண்ட ஆட்டின் ரத்தத்தில் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே ஒற்றை 'பாசிட்டிவ்' முடிவை வைத்து இந்தக் கருச்சிதைவுக்குக் காரணம் சொல்ல முடியாது. 2 முதல் 4 வாரம் இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து, நான்கு மடங்கு உயர்வு இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. ஆனால் கரு வீசும்போதே அளவு உச்சத்தில் இருந்தால் அந்த உயர்வு கண்ணில் படாது. தாய்க்கு 'நெகட்டிவ்' வந்தால்தான் பயன் அதிகம். இந்த நோயை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம்.

குட்டியின் கதை வேறு. ஆடு, மாடுகளில் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, சீம்பாலில்தான் போகும். அதனால் சீம்பால் குடிக்காத குட்டியின் நெஞ்சறை, வயிற்றறை நீரில் எதிர்ப்பொருள் இருந்தால், அது கருப்பையிலேயே குட்டி தானாக உண்டாக்கியது. சுத்தமான சிரிஞ்சில் 2 மி.லி. போதும். சினையின் தொடக்கத்தில் இறந்த கருவுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் வந்திருக்காது. அங்கே 'நெகட்டிவ்' எதையும் விலக்காது.

நஞ்சுக்கொடியை உப்புநீரில் மெல்ல அலசிப் பாருங்கள். டாக்சோபிளாஸ்மா என்றால் சிவந்த பொத்தான்களில் (நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒட்டும் மேடுகள்) 1-2 மி.மீ. அளவில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருக்கும். இடைப்பட்ட சவ்வு இயல்பாகவே இருக்கும். சவ்வும் தடித்திருந்தால் கரு வீச வைக்கும் இன்னொரு கிருமியான கிளமிடியாவை நினைக்க வேண்டும். புள்ளி உள்ள பொத்தான்கள் சிலவற்றை ஐஸில் வைத்து பிசிஆருக்கு (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) அனுப்புங்கள். இன்னும் சிலவற்றையும் மூளைத் துண்டையும் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் திசு ஆய்வுக்குப் போடுங்கள். இரண்டையும் மாற்றிவிட்டால் இரண்டும் வீண்: ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும், ஐஸில் போன திசு உறைந்தால் கிழிந்துவிடும். கையுறை கட்டாயம். கர்ப்பிணிகள் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது.

எதிர்ப்பொருள் பார்க்கப் பல ஆய்வகங்கள் நம்புவது திரட்டல் சோதனை: சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டுண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'யு' வடிவக் குழித்தட்டில் ஃபார்மலினில் பதப்படுத்திய ஒட்டுண்ணியோடு சீரத்தைச் சேர்த்து, இரவு முழுக்க 37 டிகிரியில் அசையாமல் வைக்க வேண்டும். பாசிட்டிவ் என்றால் குழியடி முழுக்க மெல்லிய பாய் விரித்தது போல் இருக்கும். நெகட்டிவ் என்றால் நடுவில் ஒரு பொட்டு. மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருளைச் சேர்க்க மறந்தால் ஐஜிஎம் என்ற வேறு வகை இயற்கை எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டு பொய்ப் பாய் விரிக்கும்.

பூனையின் மலத்தில் 10-12 மைக்ரான் முட்டைக்கூடு (ஒட்டுண்ணி வெளியேறும் வடிவம்) தென்பட்டாலும் உடனே டாக்சோபிளாஸ்மா என்று பெயர் சூட்டக் கூடாது. ஹாமோண்டியா என்ற வேறொரு ஒட்டுண்ணியின் கூடும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும், பிசிஆர்தான் பிரித்துக் காட்டும். கூடு வெளியேறுவதும் பெரும்பாலும் ஓரிரு வாரம்தான், அப்போது பூனையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் இருக்காது. ஐஜிஜி பாசிட்டிவ் என்றதும் பூனையைத் துரத்துகிறார்கள். அந்தப் பூனை அநேகமாகக் கூடு வெளியிட்டு முடித்துவிட்டது.