பழைய வீட்டுக்குச் சிமெண்டு பூசுவதற்கு முன்

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் பக்கம், டுரியான் தோப்புகளுக்குள் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டை வாங்கி, ஓவியர்களும் எழுதுகிறவர்களும் வந்து தங்கும் இடமாக மாற்றலாமா என்று நம்மவர்கள் கேட்டு வருகிறார்கள். அருமையான ஆசை. ஆனால் என்னைக் கூப்பிடும் நேரத்தில் பாதிச் சுவருக்குச் சிமெண்டு பூசி முடித்திருப்பார்கள். பழைய கட்டடங்களைச் சீரமைப்பதே என் தொழில். இடிந்த கூரையைவிட அந்தப் புதுப்பூச்சுதான் எனக்குக் கவலை.

அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாகக் காற்றில் போய்விடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை மாவாக உதிர்க்கிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற தீவில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் முதல் செலவு தண்ணீருக்கு. கூரை ஒழுக்கு, மழைநீர் வடியும் பீலி, வீட்டைச் சுற்றிக் கால்வாய், சுவரை ஒட்டிக் குவிந்த மண் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே மெல்லியதாகப் பல முறை சுண்ணாம்பு வெள்ளை. நிறம் வேண்டுமா? ஜார்ஜ் டவுனில் சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்ததுதான். அந்த மாளிகையின் சீரமைப்புக்கு 2000இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

மரத்தூண்களின் அடியைக் கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். அடி அழுகும், கரையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியாது. பழைய சிமெண்டுத் தகடுக் கூரையில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம். பரிசோதிக்காமல் அறுக்கவோ, துளைக்கவோ, பிரஷர் ஜெட் அடிக்கவோ வேண்டாம்.

ஓவிய அறைக்கு நேர் வெயில் விழாத வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று புத்தகங்களில் படித்துவிட்டு வருகிறார்கள். பினாங்கு நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 5 பாகைதான் வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த ஜன்னலிலும் வெயில் விழும். நீண்ட தாழ்வாரம் வைத்தால் அறைக்குள் சீரான வெளிச்சம் கிடைக்கும், மழைச் சாரலும் சுவரில் படாது. நான் பார்த்த தோப்பு வீடுகளில் பலவற்றில் அந்தத் தாழ்வாரம் ஏற்கெனவே இருக்கிறது. இடிக்கச் சொல்லும் கான்ட்ரெக்டரை நம்பாதீர்கள்.

இன்னொன்று, தோப்பு நிலம் பெரும்பாலும் விவசாயப் பிரிவில் இருக்கும். விருந்தினரிடம் பணம் வாங்கித் தங்கவைக்க நிலப் பிரிவை மாற்ற வேண்டி வரலாம், மாநகர் மன்ற அனுமதியும் தேவைப்படலாம். நில அலுவலகத்தில் பட்டாவைக் காட்டி விசாரியுங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.