மனச்சிதைவு: பிளவா, உடைப்பா?

வெண்ணாற்றங்கரை ஊரொன்றில் இருக்கும் என் பெரியப்பா முறை உறவினர், சம்பா நடவு முடிந்த ஒரு மாலையில் தம் மகனுடைய மருத்துவச் சீட்டை என்னிடம் நீட்டினார். அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் கோணலாக எழுதப்பட்டிருந்தது. “ஸ்கிசோஃப்ரினியான்னா ரெண்டு ஆளா மாறுற வியாதின்னு டீக்கடையில சொல்றாங்களே தம்பி, அப்படியா? எல்லாம் கஞ்சாவால வந்ததுங்கிறாங்களே?” என்று கேட்டார். முதல் கேள்விக்கு உரிய விடை அச்சொல்லின் வரலாற்றிலேயே கிடைக்கிறது.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908ஆம் ஆண்டில் இச்சொல்லை ஆக்கினார். அதற்கு முன் ஜெர்மனியின் எமில் கிரேபெலின் இந்நோயை ‘இளமையில் வரும் அறிவுத் தேய்வு’ என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரால் குறித்துவந்தார். நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எல்லோருக்கும் அறிவு தேய்ந்துபோவதும் இல்லை என்பதால் பிளாய்லர் அப்பெயரைக் கைவிட்டு, பிளத்தல் எனப் பொருள்படும் ‘ஸ்கிசெய்ன்’, மனம் எனப் பொருள்படும் ‘ஃப்ரேன்’ என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். ‘ஃப்ரேன்’ முதலில் மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட உதரவிதானத்தைக் குறித்து, பின்னர் மனத்தையும் குறித்த சொல். நம் ‘நெஞ்சு’ உடலுறுப்பாகவும் மனமாகவும் நிற்பதைப் போன்றதே இது. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலுள்ள இசைவு குலைவதையே பிளாய்லர் பிளவு என்றார். ஒரே உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதாகக் கொள்வது சினிமா தந்த குழப்பம்.

தமிழில் இதற்கு ‘மனப்பிளவு’, ‘மனச்சிதைவு’ என்னும் இரண்டு சொற்களும் வழங்குகின்றன. கிரேக்க மூலத்துக்கு முன்னது நெருக்கமானது. நோய்க்குப் பின்னதே நெருக்கமானது என்பது என் எண்ணம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிவதும் பிளவுதான், ஆனால் அது மதகும் கணக்குமாக நடக்கும் பிளவு. கரை உடைந்து நீர் நாற்றங்காலுக்குள் தாறுமாறாகப் பாய்வதை டெல்டாவில் யாரும் பிளவு என்பதில்லை, உடைப்பு என்பார்கள். காதில் இல்லாத குரல் கேட்பதும், அண்டை வீட்டார் தன்னை உளவு பார்ப்பதாக நம்புவதும், பேச்சு கோவையற்றுப் போவதும் இந்த உடைப்பின் சாயல் கொண்டவை. ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ என்று தொல்காப்பியம் வடசொல்லைப் பற்றிக் கூறுமிடத்தில், சிதைந்தது என்பது வடிவம் குலைந்ததேயன்றி அழிந்தொழிந்தது அன்று. மருந்தாலும் கவனிப்பாலும் பலர் தேறிவரும் நோய்க்கு அச்சொல் அந்த அளவிலும் பொருந்துகிறது. (ஜப்பானியர் ‘மனம் பிளந்த நோய்’ என்னும் பொருள்படும் தங்கள் பழைய பெயரை 2002இல் மாற்றிவிட்டனர்.)

‘கஞ்சா’ வடமொழி வழியாக வந்து தமிழாகிவிட்ட சொல். சித்தர் மரபில் ‘சிவமூலி’ என்றும் வழங்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. தனியே பறித்த இலை அதில் அடங்காது. இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. போதை தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள் பூவில்தான் மிகுதி.

இரண்டாம் கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை கூற இயலவில்லை. சுவீடனில் படைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வில், ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியதாகக் கூறியோருக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அது ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சுருங்கியது. வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு உளப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற நிலை; மனச்சிதைவும் இதில் அடங்கும்) வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019இல் ஐரோப்பிய நகரங்களை முதன்மையாகக் கொண்ட ஆய்வொன்று கண்டது. ஆயினும் கஞ்சா புகைப்போரில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. நோயுற்றோரில் பலர் கஞ்சாவைத் தொட்டதே இல்லை. நோய் அரும்பும்போது ஏற்படும் பதற்றத்தைத் தணிக்கவே அதை நாடியவர்களும் உண்டு.

பெரியப்பாவிடம் நான் நண்டு வளையைச் சொன்னேன். வரப்பில் வளை இருந்தால் கோடையில் ஒன்றும் ஆகாது. ஐப்பசி அடைமழையில் நீர் ஏறும்போது அந்த வளை வழியே முதலில் கசிந்து, பிறகு மண் கரைந்து, விடிவதற்குள் வரப்பு உடைந்துவிடும். உடைத்தது வளையா நீரா என்று கேட்டால் என்ன சொல்வது? பரம்பரையாக வரும் நலிவு வளை என்றால், பதின்பருவத்தில் தொடங்கிய கஞ்சா ஏறும் நீர். அவர் சற்று நேரம் வாய்க்காலையே பார்த்துவிட்டு, “எங்க சின்னத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

ஆகவே ‘கஞ்சா மனச்சிதைவை உண்டாக்கும்’ என்று எழுதுவது மிகை. ‘மனச்சிதைவு வரும் ஆபத்தைக் கூட்டும்’ என்பதே சரியான தொடர். புகைத்த பின் தோன்றிச் சில நாள்களில் அடங்கும் மனக்குழப்பத்தைக் ‘கஞ்சாவால் தூண்டப்பட்ட உளப்பிறழ்வு’ என்று தனியே குறிக்க வேண்டும். அக்குழப்பத்துக்கு ஆளானவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் மனச்சிதைவு உறுதியாவதால், அது அடங்கிய பிறகும் மருத்துவரின் கண்காணிப்பு தேவைப்படுகிறது. பெரியப்பாவின் மகனுக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை. சீட்டின் ஓரத்தில் ‘மனச்சிதைவு’ என்று தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.