ஏ.சி. அறையில் தேறிய ஓவர்கிளாக் மே மாதத்தில் ஏன் தடுமாறுகிறது?

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் சர்வீஸ் மேசைக்கு ஒரே மாதிரிப் புகாருடன் கம்ப்யூட்டர்கள் வரத் தொடங்கிவிடும். "ஜனவரியில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது மதியமானால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது." கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்பது, பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில், யாராவது கை வைத்தீர்களா என்றுதான். வைத்திருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை. அந்த ஒரு பதில் தெரிந்தால், தேவையில்லாமல் ஒரு மதர்போர்டை மாற்றும் செலவு உங்களுக்கு மிச்சமாகலாம்.

ஓவர்கிளாக்கிங், அதாவது பிராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, தப்பான காரியமில்லை. அதற்கென்றே விற்கப்படும் பிராசஸர்கள் இருக்கின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் வேகம். அந்த எண் 50 என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். இன்டெல்லில் பொதுவாகப் பெயரின் முடிவில் 'கே' உள்ள பிராசஸரும் இசட் வரிசை மதர்போர்டும் சேர்ந்தால்தான் இந்த எண்ணை உயர்த்த முடியும். ஏ.எம்.டி. ரைசனில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆனால் ஏ வரிசைச் சிப்செட் கொண்ட மலிவு போர்டுகளில் அதற்கு வழியில்லை. ரிச்சி தெருவில் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து வேகத்தில் இருப்பதைவிட வோல்டேஜில்தான் அதிகம் இருக்கிறது. பிராசஸர் இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி, வேகத்தை 10 சதவீதம் கூட்டினால், மின்செலவு ஏறத்தாழ 39 சதவீதம் கூடிவிடும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும். இத்தனைக்கும் கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் கேம்களில் அந்த 10 சதவீத வேகம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

இங்கேதான் சென்னை வெயில் குறுக்கே வருகிறது. காற்றுக் கூலரானாலும் தண்ணீர்க் கூலரானாலும், அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைத்திருக்க முடியாது. அறை 24 டிகிரியில் இருக்கும்போது முழுச் சுமையில் 80 டிகிரி காட்டினால், இடைவெளி 56. அதே அறை அக்னி நட்சத்திர மதியத்தில் 36 டிகிரி ஆனால், பிராசஸர் 92 டிகிரியைத் தொடும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரியும், இன்டெல்லின் பல பிராசஸர்களுக்கு 100 டிகிரியும்தான் எல்லை. அதைத் தொட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக் செய்ததில் அந்த எல்லைக்கு முன்பே தடுமாற்றம் தொடங்கிவிடுவதுதான் தொல்லை. சூடு ஏற ஏற சிப்புக்குள் மின்கசிவும் கூடும், நிலைத்தன்மையும் குறையும்.

வடபழனியிலிருந்து ஒரு திருமண வீடியோ எடிட்டர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். ரெண்டரிங் ஓடும்போது பாதியில் நீலத்திரை. வேகத்தை மட்டும் உயர்த்திவிட்டு, வோல்டேஜை 'ஆட்டோ'விலேயே விட்டிருந்தார். மதர்போர்டு தன் பாதுகாப்புக்கென்று தேவைக்கு மேல் ஏற்றிக் கொடுத்திருந்தது. சோதித்ததெல்லாம் இரவில், ஏ.சி. அறையில். வேலை செய்வதோ பகலில், மின்விசிறிக் காற்றில். கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளியாய்ப் படிந்திருந்தது. தூசியைத் தட்டி, பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் இறக்கி, வோல்டேஜை நாங்களே நிர்ணயித்தோம். ரெண்டரிங் முடியும் நேரத்தில் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஆகவே, சோதனையை மதியம் இரண்டு மணிக்கு மேல், ஏ.சி.யை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றுங்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஒருமுறை ஓடி முடிந்தது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், ஓ.சி.சி.டி. அல்லது பிரைம்95 போன்ற, முழுச் சுமை கொடுக்கும் சோதனை மென்பொருள் ஒன்றைச் சில மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பத்தையும் வோல்டேஜையும் கவனியுங்கள். என் கணக்கில் உச்ச வெயிலிலும் 85 டிகிரிக்குள் நின்றால்தான் அந்த அமைப்பை நம்பலாம். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'WHEA' என்று தொடங்கும் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தால், திரையில் எந்தக் கோளாறும் தெரியாவிட்டாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள். ராமை அதன் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பும் ஓவர்கிளாக்கிங்தான், அதற்கு மெம்டெஸ்ட்86 ஓட்டிப் பாருங்கள். ஹேங் ஆகும் கம்ப்யூட்டர் உங்களை எச்சரிக்கவாவது செய்கிறது. ஹேங் ஆகாமல் ஒரு ஃபைலைச் சத்தமில்லாமல் சிதைத்துவிடும் கம்ப்யூட்டர்தான் எனக்குப் பெரிய கவலை. கடைக் கணக்கு, டேலி, வாடிக்கையாளர்களின் படங்கள் எல்லாம் உள்ள கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் வேண்டவே வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

வோல்டேஜ் செய்யும் சேதத்துக்கு நிறுவனங்களின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிய செய்தி வந்ததும், எஸ்.ஓ.சி. வோல்டேஜை (பிராசஸருக்குள் மெமரி கட்டுப்பாடு உள்ள பகுதிக்கான வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸ் அப்டேட் வந்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் நிலைகுலைந்ததற்கு அளவு மீறிய வோல்டேஜ் காரணம் என்று அந்த நிறுவனமே அறிவித்து, மைக்ரோகோடு (பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு, முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள்.

யு.பி.எஸ். பற்றியும் சொல்ல வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பிராசஸர் மட்டுமே 250 வாட் இழுக்கும்போது, கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியே எல்லாம் அணைந்துவிடும். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மலிவாக வாங்கியதென்றால் ஓவர்கிளாக்கைத் தொடவே வேண்டாம். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? பழைய வாடகை வீடுகளில் இது சாதாரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் எதிர்த்திசையைத்தான் காட்டுகிறேன். வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, அதாவது அண்டர்வோல்டிங். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் வசதி இதற்காகவே இருக்கிறது. வெப்பம் இறங்கினால் பிராசஸர் தன் பூஸ்ட் வேகத்தைத் தானே அதிக நேரம் பிடித்து நிற்கும். இதற்கும் அதே மதியச் சோதனை உண்டு. நிலையான அமைப்பு கிடைத்ததும் பயாஸ் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட்டில் அந்த அமைப்புகள் பெரும்பாலும் அழிந்துபோய்விடும்.