ஒரு விசையை அழுத்தினால் ஈமேக்ஸ் எங்கெல்லாம் தேடுகிறது?

பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். “இணையத்தில் ஒருவர் போட்டிருந்த 400 வரி ஈமேக்ஸ் இனிட் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன் சார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. நடுவில் ஒரு வரியைத் திருத்தினேன், இப்போது திறந்தாலே பிழை காட்டுகிறது. வேறு எந்தக் கோப்பைப் போட்டால் சரியாக இருக்கும்?”

ஈமேக்ஸ் என்பது உரையும் நிரலும் எழுதப் பயன்படும் எடிட்டர். இனிட் கோப்பு, அதை நம் விருப்பப்படி மாற்ற நாம் எழுதி வைப்பது. எதையும் போட வேண்டாம், வெறும் ஈமேக்ஸில் தொடங்குங்கள் என்று பதில் எழுதினேன். ஏன் என்று சொல்ல, இந்த எடிட்டரின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற பழைய எடிட்டருக்கான மேக்ரோக்களின், அதாவது சேர்த்து எழுதிய கட்டளைத் தொடர்களின், தொகுப்பாகப் பிறந்தது ஈமேக்ஸ். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984-இல் குனு ஈமேக்ஸை எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டு வெளியிட்டார். நாம் இன்று பயன்படுத்துவது அதன் வாரிசு. அடித்தளம் சி மொழியில் இருக்கிறது. அதற்கு மேலே பெரும்பகுதி லிஸ்ப் என்ற நிரல்மொழி. நம் இனிட் கோப்பும் அதே லிஸ்ப்தான். ஆகவே அதை அமைப்புகளின் பட்டியலாக நினைக்கக் கூடாது. அது ஒரு நிரல். ஈமேக்ஸ் திறக்கும்போது அதை மேலிருந்து கீழாக, ஒரு கோவை (அடைப்புக்குறிக்குள் அடங்கிய ஒரு முழுத் துண்டு) படித்து, அதை இயக்கி, அப்புறம் அடுத்தது என்று போகிறது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஈமேக்ஸைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்துங்கள், பிறகு ‘கே’. எந்த விசையைப் பற்றித் தெரிய வேண்டும் என்று கேட்கும். ஆங்கில ‘ஏ’ விசையை அழுத்துங்கள். இது செல்ஃப்-இன்ஸெர்ட்-கமாண்ட் என்ற கட்டளையை இயக்குகிறது, குளோபல்-மேப்பில் கிடைத்தது என்று விளக்கம் வரும். முதல்முறை இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தை அடித்தால் எழுத்து விழும், இதில் கட்டளை எங்கே வந்தது? ஈமேக்ஸில் எழுத்து தானாக விழுவதில்லை. ஒவ்வொரு விசையும் ஒரு செயற்கூறை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் துண்டை, இயக்குகிறது. ‘ஏ’ விசைக்கு வாய்த்த செயற்கூறின் வேலை, அழுத்திய எழுத்தைக் கர்சர் இருக்கும் இடத்தில் நுழைப்பது. அவ்வளவுதான்.

இப்போது கோப்புகளைப் பட்டியலிடும் டைரெட் பக்கத்துக்குப் போய் அதே கேள்வியை ‘என்’ விசைக்குக் கேளுங்கள். இங்கே அது அடுத்த வரிக்குப் போகும் கட்டளை. அதே விசை, வேறு வேலை. எப்படி?

ஒரு வீட்டில் ‘மணி’ என்று கூப்பிட்டால் தம்பி ஓடி வருவான். அந்த வீட்டில் மணி யாரும் இல்லையென்றால் தெருவில் இருக்கும் மணி திரும்பிப் பார்ப்பார். அங்கும் இல்லையென்றால் ஊரில் தேட வேண்டும். ஈமேக்ஸ் விசையைத் தேடுவதும் இப்படித்தான். எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்று சொல்லும் அட்டவணைக்குக் கீமேப் என்று பெயர். ஒரே நேரத்தில் பல கீமேப்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே மைனர் மோடுகளின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு வசதிகளின்) கீமேப்கள், அடுத்து அந்தப் பக்கத்தின் மேஜர் மோடுக்கு (அது எந்த வகைப் பக்கம் என்பதற்கு) உரியது, எல்லாவற்றுக்கும் அடியில் குளோபல்-மேப். மேலிருந்து தேடி, முதலில் எங்கே கிடைக்கிறதோ அதோடு தேடல் நின்றுவிடும். டைரெட்டில் ‘என்’ மேஜர் மோடிலேயே கிடைத்துவிடுகிறது. சாதாரண உரையில் மேலே எங்கும் கிடைக்காமல் அடிவரைக்கும் போய், எழுத்தாக விழுகிறது. கண்ட்ரோல்-எக்ஸ் போன்ற முன்விசைகளைத் தேடினால் கிடைப்பது இன்னொரு கீமேப். அதற்குள் அடுத்த விசையைத் தேடும்.

இவ்வளவும் ஒவ்வொரு விசைக்கும் நடக்கிறது. இந்த வரியை நான் அடிக்கும்போதும் நடக்கிறது.

புதியவர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த அடுக்கில்தான் இருக்கிறது. ‘குளோபலில் ஒரு விசையை மாற்றினேன், இந்த மோடில் மட்டும் வேலை செய்யவில்லை’ என்றால், மேலே ஒரு கீமேப் அதை முந்திக்கொண்டது என்று பொருள். இந்த மோதலைத் தவிர்க்கவே, கண்ட்ரோல்-சி அழுத்தி அடுத்து ஓர் ஆங்கில எழுத்து என்ற சேர்க்கைகளும், எஃப்5 முதல் எஃப்9 வரையுள்ள விசைகளும் பயனருக்கென்று மரபாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கட்டளைகளை அங்கே குடிவையுங்கள்.

நான் முதலில் எழுதியது இன்றைய தேதியை நுழைக்கும் மூன்று வரிச் செயற்கூறு. எஃப்6 விசையில் வைத்தேன். அழுத்தினால் தேதி வரவில்லை, ‘கமாண்ட்பி’ என்று ஏதோ பிழை வந்தது. ஒரு மாலை முழுக்கப் போராடினேன். செயற்கூறுக்குள் ‘இன்டராக்டிவ்’ என்ற ஒரு சொல்லை எழுதவில்லை, அதுதான் காரணம். அந்தச் சொல் இருந்தால்தான் ஒரு செயற்கூறு விசையிலிருந்து கூப்பிடக்கூடிய கட்டளை ஆகும். அதைச் சேர்த்து, கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து, கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-ஈ அழுத்தினேன். ஈமேக்ஸை மூடித் திறக்கவே இல்லை. எஃப்6 அழுத்தியதும் தேதி வந்து நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் எஞ்சினில் கை வைக்க விடும் எடிட்டர் இது.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் உள்ளீடு ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டு விசையை அழுத்தி, முறையின் பெயராக தமிழ்-ஐட்ரான்ஸ் என்பதை ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். இப்போது ஆங்கிலக் ‘கே’ விசை ‘க்’ தரும், தொடர்ந்து ‘ஏ’ அடித்தால் ‘க’ ஆகும். இந்த மாற்றம் கீமேப் தேடலுக்கு முன்பே நடந்துவிடுகிறது.

மாணவியின் பிழைக்கு வருவோம். பெரும்பாலும் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். முன்னால் இருக்கும் கோவைகள் இயங்கி முடிந்திருக்கும், பின்னால் இருப்பவை இயங்கியிருக்காது. அதனால்தான் நிறம் சரியாக வந்து விசைகள் மட்டும் வேலை செய்யாத நிலையெல்லாம் வருகிறது. டீபக்-இனிட் என்ற தெரிவோடு திறந்தால் பிழை எங்கே என்ற தடயம் கிடைக்கும். அப்படியும் தெரியாவிட்டால் பாதிக் கோவைகளை முடக்கிப் பாருங்கள், பிறகு அதில் பாதி. 400 வரியானாலும் ஒன்பது, பத்து தடவையில் பிடித்துவிடலாம்.

பொருள் தெரியாத வரிகளை ‘பெரியவர் போட்டது, இருக்கட்டும்’ என்று கோப்பில் வைத்திருப்பது எனக்குத் தாயத்து கட்டிக்கொள்வதுபோலத்தான் தெரிகிறது. எது காக்கிறது, எது கெடுக்கிறது என்று தெரியாததால் கழற்றப் பயம். நிரலில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. கேட்டால் சொல்லிவிடும் நிரல் இது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்த எடிட்டர் பிறந்த ஆய்வகம் அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் நடந்தது. உடனடிப் பலன் என்ன என்று மாதாமாதம் கேட்டிருந்தால் இது வந்திருக்காது. நம் நாட்டிலும் கட்டற்ற மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு, குறிப்பாக இந்திய மொழி உள்ளீட்டில் உழைப்பவர்களுக்கு, நிலையான நிதி கிடைக்க வேண்டும்.

அந்த 400 வரிக் கோப்பை அழிக்க வேண்டாம், தங்கையே. பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். தினமும் அதில் ஒரு கோவையை எடுங்கள். செயற்கூறின் பெயர்மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-எச் ‘எஃப்’, மாறி (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்றால் கண்ட்ரோல்-எச் ‘வி’. விளக்கத்தைப் படித்து, இது எனக்கு வேண்டும் என்று தோன்றினால் மட்டும் புதிய கோப்புக்குக் கொண்டுவாருங்கள். என் கோப்பில் இன்று 90 வரிதான் இருக்கிறது. எஃப்6 இன்னும் தேதிக்குத்தான்.